வளையாத காலுக்கு ஒரு மிதி

காலையில் கத்தினால் சாயங்காலம், சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை. பசுமாடு வைத்திருக்கிற யாருக்கும் இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பருவத்துக்கு வந்த மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு கத்த ஆரம்பித்ததிலிருந்து அரை நாள் பொறுத்துச் சினை ஊசி போட வேண்டும். தவறவிட்டால் இருபத்தோரு நாள் சும்மா தீனி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதனால் ஊசி போடுகிறவன் என்றால் கூப்பிட்ட நேரத்துக்கு வந்து நிற்க வேண்டும். மழையோ, அவன் வீட்டில் காய்ச்சலோ, மாட்டுக்கு அதெல்லாம் தெரியாது.

முத்துக்குமரன் பதினேழு வருஷமாக அப்படித்தான் போய் நின்றான். புதுச்சேரிப் பக்கம் மண்ணாடிப்பட்டுக் கொம்யூன் பஞ்சாயத்தில் பாதி ஊரும், நெட்டப்பாக்கம் பக்கத்தில் நாலைந்து ஊரும் அவன் கையில்தான். படித்த டாக்டர் இல்லை, பயிற்சி எடுத்துக்கொண்டவன்தான். ஆனாலும் ஊரில் எல்லோரும் 'டாக்டரு' என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் பைக்கின் பின்னால் கேரியரில் ஒரு அலுமினியக் கேன் நிமிர்ந்து நிற்கும். பார்க்கப் பால்கேன் மாதிரி இருக்கும். உள்ளே புகையும் குளிரில் நைட்ரஜன், அதற்குள் ஈர்க்குச்சிப் பருமனில் குழல் குழலாகக் காளை விந்து. கேன் சாய்ந்தாலோ இடிபட்டாலோ குளிர் போய் அத்தனையும் செத்துவிடும். கேனைப் பிள்ளையைப் போல வைத்திருக்கிறான் என்று ஊரில் சொன்னால் கல்பனாவுக்குச் சிரிப்பு வரும். பிள்ளையை அவன் அப்படி வைத்திருந்ததில்லை.

கல்பனா அவன் பெண்டாட்டி. சொந்த அக்கா மகள் என்பதால் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகும் அவளுக்கு அவன் 'மாமா'தான், 'நீ'தான். ஒரே மகள் ஜெயசுதா விழுப்புரத்தில் ஆஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர் மட்டும்.

போன வருஷம் மாசி மாதம், திருவாண்டார்கோயிலைத் தாண்டி ஒரு வளைவில், கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று பின்விளக்கு இல்லாமல் ரோட்டோரம் நின்றிருந்தது. முத்துக்குமரன் மாட்டுக்காரன் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் அதில் போய்ச் சொருகினான். வண்டிக்கு அவ்வளவாக ஒன்றுமில்லை. கேனுக்கு ஒன்றுமே இல்லை. அவனுடைய வலது முட்டி மட்டும் தூளாகிப்போனது. தகடு வைத்தார்கள், சீழ் பிடித்தது, எடுத்தார்கள், மறுபடி வைத்தார்கள். கடைசியில் முட்டியை இனி வளையாதபடி நேராகச் சேர்த்து இறுக்கிவிட்டார்கள். கால் நிற்கும், நடக்கும், கணுக்கால் ஆடும். முட்டி மட்டும் மடங்காது. பஸ்ஸில் ஏறினால் நடைபாதையை மறித்துக்கொண்டு நீட்டிக் கிடக்கும். எதிரில் வருகிறவன் தாண்டிப் போகும்போது ஒரு பார்வை பார்ப்பான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவன் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் குடத்தைப் பார்ப்பான். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் கொடியில் கிடக்கும் துண்டைப் பார்ப்பான். பார்த்ததைப் புரிந்துகொண்டு எழுந்து செய்வது கல்பனாவின் வேலை. முதல் இரண்டு மாதம் பாவம் என்றிருந்தது. அப்புறம் பழகிவிட்டது. அதற்கும் அப்புறம், அவன் கண் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறோமே என்று அவளுக்கே தன் மேல் எரிச்சல் வந்தது.

எட்டு மாதமாக அவனை ஊசி போடக் கூட்டிப்போவதும் அவள்தான். விடியற்காலை ஐந்து மணிக்கு அவளுடைய ஸ்கூட்டியை எடுப்பாள். கேனை முன்னால் கால் வைக்கிற இடத்தில் நிறுத்தி இரண்டு காலாலும் இடுக்கிக்கொள்வாள். அவன் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து வலது காலை ரோட்டைப் பார்க்க நீட்டிக்கொள்வான். மாட்டின் வாலைப் பிடிப்பாள், வெந்நீரில் குழலைப் போட்டு எடுத்துக் கொடுப்பாள், கையுறையைக் கழற்றுவாள். "புருசனும் பொண்டாட்டியும் சோடி போட்டுக்கினு கெளம்பிட்டாங்கப்பா" என்று டீக்கடையில் ஒருவன் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். வீட்டுக்கு வந்து குளித்து, சோறு கட்டிக்கொண்டு, எட்டரை மணிக்குக் கம்பெனியில் இருப்பாள். அங்கே எட்டு மணி நேரம் நின்றபடி பிளாஸ்டிக் மூடிகளைச் சோதித்துப் பெட்டியில் போட வேண்டும். எள்ளுதான் எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது என்று சில நாள் அவள் தன்னையே கேட்டுக்கொள்வாள்.

இப்போது கம்பெனியில் ஷிப்டை மாற்றிவிட்டார்கள். சித்திரை இரண்டாவது திங்கட்கிழமையிலிருந்து அவளுக்குக் காலை ஆறு மணிக்கு வேலை. வேன் ஐந்து இருபதுக்கு ரோட்டுக்கு வந்துவிடும். ஏற்கெனவே மூன்று நாள் தாமதமாகப் போய்ப் பேச்சு வாங்கியிருக்கிறாள். "இன்னொரு நாள் லேட்டுன்னா அப்படியே திரும்பிப் போயிடும்மா" என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தான். ஊசிக்குக் கூப்பிடுகிற வீடுகளில் முக்கால்வாசி விடியற்காலையில்தான் கூப்பிடுகின்றன. ஒன்று, அவன் தனியாகப் போக வேண்டும். இல்லை, அவள் வேலையை விட வேண்டும். அதுவும் இல்லையென்றால் அவன் தொழிலை விட வேண்டும். கலைச்செல்வன் என்று ஒரு பையன் புது வண்டி, புதுக் கேனோடு கிளம்பியிருந்தான். நாலு தடவை கூப்பிட்டு வராத டாக்டரை ஐந்தாம் தடவை யாரும் கூப்பிடமாட்டார்கள்.

வண்டியை மாற்றிக் கட்டலாம் என்ற யோசனை அவளுடையதுதான். வலது காலை மடக்க வேண்டிய வேலையே இல்லாமல், நீட்டினபடியே வைத்துக்கொள்ள முன்னால் ஒரு மிதி, அதிலேயே பிரேக்கு. இடது கால் நன்றாக இருக்கிறது, கியரை அது பார்த்துக்கொள்ளும். மதகடிப்பட்டில் இரண்டு மெக்கானிக்கிடம் கேட்டாள். இரண்டு பேரும் சேசிஸில் கை வைக்கமாட்டோம், ஆர்.டி.ஓ. பிடித்தால் யார் பதில் சொல்வது என்று கழன்றுகொண்டார்கள். கடைசியில் வில்லியனூர் பக்கம் இரும்பு கேட், டிராக்டர் பெட்டி எல்லாம் அடிக்கிற அருள்தாஸ்தான், "கொண்டாங்க, பாக்கலாம்" என்றார்.

சனிக்கிழமை காலை வண்டியைக் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினார்கள். கேனை வீட்டிலேயே கட்டிலுக்கடியில் விட்டுவிட்டார்கள். தீப்பொறி பறக்கிற இடத்துக்கு அதை யாராவது எடுத்துப்போவார்களா.

அருள்தாஸுக்கு ஐம்பது வயசிருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் மாதா சுரூபம், வெல்டிங் பொறி பட்டுப்பட்டு முன்கையெல்லாம் புள்ளி. பேச்சு அதிகம், கை அதைவிட வேகம். பட்டறைக்கு மேலே தகரம். சித்திரை வெயில் அதில் இறங்கி உள்ளே இருக்கிறவர்களை அவித்துக்கொண்டிருந்தது. முதலில் சீட்டைக் கழற்றினார், பெட்ரோல் டாங்கைக் கழற்றிப் பத்தடி தள்ளி வைத்தார், பேட்டரியைப் பிடுங்கினார். பின்கேரியரையும் கழற்றிச் சுவரோரம் சாத்தினார்.

"வண்டி எலும்புக்கூடு மாரி ஆயிடுச்சேண்ணா" என்றாள் கல்பனா.

"ஆபரேசன்னா துணிய கழட்டித்தான்மா ஆவணும். முத்து, சீட்ட சும்மா மேல வெக்கிறேன். ஏறி ஒக்காரு."

முத்துக்குமரன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வளையாத காலைப் பின்பக்கமாக ஒரு வீச்சில் தூக்கிப் போட்டு உட்கார்ந்தான். பதினான்கு மாதம் கழித்துத் தன் வண்டி மேல். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் இரண்டு கையும் தானாகவே ஹேண்டில்பாரைத் தேடிப் பிடித்ததைக் கல்பனா பார்த்தாள்.

கால் முன்னால் நீட்டிக்கொண்டு அந்தரத்தில் நின்றது. அருள்தாஸ் அதற்குக் கீழே ஒரு செங்கல்லை வைத்தார். அதன் மேல் இன்னொன்று. அப்புறம் ஒரு ஓட்டாஞ்சில்லு.

"தொடை வலிக்குதா?"

"இல்ல."

"இல்லன்னா இல்ல, ஆமான்னா ஆமான்னு சொல்லு. அப்புறம் வெட்டி ஒட்டினப்புறம் சொன்னா நான் இன்னா பண்றது."

"கொஞ்சம் தூக்கலா இருக்குது."

ஓட்டாஞ்சில்லை எடுத்துவிட்டார். அரை அங்குலப் பலகைத் துண்டு ஒன்றைச் செருகினார். ஹேண்டில்பாரை இடது பக்கம் திருப்பச் சொன்னார். முன்சக்கரத்து மட்கார்டு வந்து கட்டை விரலில் இடித்தது. "ரெண்டு வெரக்கடை பின்னால" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சாக்பீஸால் கோடு போட்டார். மறுபடி திருப்பச் சொன்னார். நாலு தடவை. நீட்டின கால் நடுங்க ஆரம்பித்தது. முத்துக்குமரன் கல்பனாவைப் பார்த்தான். அவள் போய்க் குதிகாலுக்கடியில் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள்.

"அவுரு கேக்கவே இல்லியே. நீயா புடிக்கிற" என்றார் அருள்தாஸ்.

"கேக்கமாட்டாருண்ணா."

"எங்க வூட்டுல செலின் மேரின்னு ஒருத்தி இருக்கிறா. நான் கேட்டாலே செய்யமாட்டா." அவர் சாக்பீஸைக் காதில் செருகிக்கொண்டு சிரித்தார். முத்துக்குமரன் சிரிக்கவில்லை.

சேசிஸில் என்ஜினுக்கு முன்னால் இறங்குகிற குழாயில்தான் எல்லாம் நிற்க வேண்டும் என்றார். கிராஷ்கார்டில் மாட்டினால் ஆறு மாதத்தில் ஆடிவிடும். குழாயின் பெயின்ட்டை கிரைண்டரால் தேய்த்து வெள்ளையாக்கினார். ஒரு கனமான தகட்டைக் குழாயைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி வளைத்தார்.

"பாரும்மா, குழாய்க்குக் குறுக்கால வெல்டிங் ஓட்டுனா அந்தக் கோட்டுலதான் ஒருநாள் ஒடியும். நெடுக்காலதான் ஓட்டணும். அவசரத்துல குறுக்கால ஓட்டிப்புட்டுப் போறவன்தான் ஜாஸ்தி." முதலில் நாலு இடத்தில் பொட்டு மட்டும் வைத்தார். மறுபடி முத்துக்குமரனை ஏற்றி உட்காரவைத்துப் பார்த்தார். அப்புறம்தான் முழுசாக ஓட்டினார்.

பிரேக்குதான் அந்த முழு நாளையும் விழுங்கியது. புது மிதி முன்னால், பிரேக்கு டிரம் பின்சக்கரத்தில். நடுவில் நீளக் கம்பி. கம்பி நீளமானால் மிதிக்கும்போது வில்லாக வளைகிறது, பிரேக்கு பிடிப்பதில்லை. நடுவில் ஒரு வளையம் வைத்து அதற்குள் விட்டார். அப்போதும் திருப்தியில்லை. கம்பியையே கனமாக மாற்றினார். மத்தியானம் செலின் மேரி தூக்குச்சட்டியில் மீன்குழம்பும் சோறும் கொண்டுவந்தாள். நாலு பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். முத்துக்குமரனுக்குத் தரையில் உட்கார முடியாது என்று செலின் மேரி ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டாள். அவன் அதில் உட்கார்ந்து காலை நீட்டி, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, குழம்பு பாத்திரத்தைப் பார்த்தான். கல்பனா எழுந்து இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அருள்தாஸ் மிச்ச வேலையை முடித்தார். இவர்கள் அன்றைக்கு ஸ்கூட்டியில் வந்திருந்தார்கள். சாயங்காலம் டாங்கும் சீட்டும் கேரியரும் ஏறி, வண்டி மறுபடி வண்டியாக நின்றது. வலது பக்கம் முன்னால் மட்டும் ஒரு கறுப்பு மிதி துருத்திக்கொண்டிருந்தது. முத்துக்குமரன் ஏறினான். செல்ஃபை அமுக்கினான். இடது காலால் கியரைத் தட்டிக்கொண்டு ரோட்டில் போனான். பெரிய வேப்பமரம் வரை போய், நின்று, திரும்பி வந்தான். இரண்டாம் தடவை வேகமாகப் போய்ப் பிரேக்கை மிதித்துப் பார்த்தான். வண்டி நின்றது. கல்பனா பட்டறை வாசலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வையைத் துடைக்கிற மாதிரிதான் துடைத்தாள்.

"இனி எட்டு நாளைக்கு என்னைத் தேடாதீங்க" என்றார் அருள்தாஸ். "எங்க கோயில் தேரு சக்கரத்துக்குப் பட்டை ஓட்டணும். சாமியார் தெனம் போன் பண்றாரு. திருவிழா முடியற வரைக்கும் வேற வேலைய தொடறதில்ல."

அவன் ஓட்ட, அவள் ஸ்கூட்டியில் பின்னாலேயே வர, இரண்டு பேரும் இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்தார்கள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவன் முதுகை அவள் ரோட்டில் பார்த்தாள். நிமிர்ந்துதான் இருந்தது.

வந்து காபி வைப்பதற்குள் போன். பண்டசோழநல்லூர் காசம்மாள். நாலு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள், பத்து வருஷத்து வாடிக்கை.

"டாக்டரே, செவலை கத்த ஆரம்பிச்சிட்டா. காலையில வந்துடு. போன தடவ அந்த கலைச்செல்வன் பையன் வந்து போட்டான், சினை நிக்கல. நீ வா, ஒன் கைதான் ராசி. கல்பனாவ இட்டுனு வரியா?"

"நானே வரேங்க்கா" என்றான். வீட்டில் அவன் குரல் அவ்வளவு சத்தமாகக் கேட்டு வெகுநாளாயிற்று. கல்பனா அன்றைக்கு இரண்டு முட்டை கூடுதலாகப் பொரித்தாள்.

திங்கட்கிழமை நாலு மணிக்கே எழுந்துவிட்டார்கள். அவள் சோறு வடித்து, கத்தரிக்காய்க் குழம்பு வைத்து, இரண்டு டிபனில் கட்டினாள். அவன் தானே பல் விளக்கி, தானே பேண்ட்டில் காலை நுழைத்துக்கொண்டான். அவள் கேனை எடுத்துப்போய்க் கேரியரில் நிறுத்தி, சாக்கைச் சுற்றி, நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். மணி ஐந்து அடித்திருந்தது. வெளிச்சம் வர ஆரம்பித்திருந்தது.

முத்துக்குமரன் வண்டிக்கு இடது பக்கம் வந்து நின்று ஹேண்டில்பாரைப் பிடித்தான். வலது காலைப் பின்பக்கம் வீசினான். செருப்பு கேனில் டங்கென்று இடித்தது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுபடி தூக்கினான். கேன் அவன் இடுப்பு உயரம் நின்றது. மடங்காத கால் அதற்கு மேலே ஏறவில்லை. மடங்குகிற காலாக இருந்தால் பின்னால் சுமை இருக்கும்போது எல்லோரும் செய்கிற மாதிரி முட்டியை மடக்கி, டாங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் நுழைத்து ஏறியிருப்பான். பதினேழு வருஷமாக அப்படித்தான் ஏறினான். அப்படி ஏறுகிறோம் என்பதே யாருக்கும் ஞாபகம் இல்லை. முன்பக்கமாகத் தூக்கிப் பார்த்தான். ஹேண்டில்பார் இடித்தது. வலது பக்கம் நின்று நல்ல காலைத் தூக்கலாமென்றால், அந்த முட்டியை நம்பி ஒற்றைக் காலில் நிற்க முடியாது. இரண்டு நாள் மூன்று பேர் செங்கல்லும் ஓடும் வைத்து, காலை வண்டி மேல் வைத்த பிறகு என்ன செய்வது என்று மயிரிழையாக அளந்திருந்தார்கள். கால் வண்டி மேல் போவதை யாரும் அளக்கவில்லை.

"கேனை அவுத்துடறேன் மாமா. நீ ஏறு. ஏறினப்புறம் கட்றேன்."

அவள் அவிழ்த்துக் கேனைத் தரையில் வைத்தாள். அவன் ஏறினான். அவள் மறுபடி தூக்கி அவன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக் கட்டினாள். இறங்குவதற்கும் இதே பாடுதான் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

"இப்புடியே ஒரு எட்டு நாள் ஓட்டிடலாம். அருள்தாஸ் அண்ணன் வேலை முடிஞ்சதும் கேனை எடப்பக்கமா கீழ தொங்க வுட்றாப்புல ஒரு கூடு பண்ணித் தருவாரு. காசம்மா அக்காகிட்ட சொல்லு, அவுத்து எறக்கி வெப்பாங்க. சாயாம புடிக்கணும்னு மட்டும் சொல்லு."

"ம்."

"சொல்லுவியா?"

அவன் ரோட்டைப் பார்த்தான். தூரத்தில் வேன் ஹாரன் கேட்டது. அவள் டிபனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பின்னால் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க நேரமில்லை.

கம்பெனியில் போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். பெல்ட்டில் மூடிகள் வந்துகொண்டே இருந்தன. நீல மூடி. ஓரம் பிசிறு இருந்தால் எடுத்துக் கீழே போட வேண்டும். ஆறிலிருந்து ஒன்பதரை வரை நிமிரக்கூட இல்லை. மனசு மட்டும் பண்டசோழநல்லூருக்கும் இங்கேயும் அலைந்தது. இந்நேரம் போயிருப்பான். இந்நேரம் போட்டிருப்பான். இந்நேரம் காசம்மாள் அக்கா ஒரு சொம்பு மோர் கொடுத்திருப்பாள். ஒன்பதரைக்கு டீ மணி அடித்தது. பத்து நிமிஷம். கையைக் கழுவிக்கொண்டு வரும்போது வாட்ச்மேன் குழந்தைவேல் வந்து நின்றார்.

"யம்மா கல்பனா, ஒன் வூட்டுக்காரு கேட்டுல இருக்கிறாரு. அரை மணி நேரமாச்சி. உள்ள வாங்கன்னாலும் வரல, எறங்குங்கன்னாலும் எறங்கல. வண்டி மேலயே ஒக்காந்திருக்கிறாரு."

அவள் தொப்பியோடும் ஏப்ரனோடும் ஓடினாள்.

கேட்டுக்கு வெளியே புங்கமரத்தின் அரை நிழலில் வண்டி நின்றது. முத்துக்குமரன் அதன் மேல் இருந்தான். சட்டை முழுசும் நனைந்திருந்தது. வலது கால் புது மிதியில் நீட்டிக் கிடந்தது. பின்னால் கேன், அவள் விடியற்காலையில் போட்ட அதே முடிச்சோடு.

"ஊசி போட்டியா மாமா?"

"இல்ல."

"ஏன்?"

"போனேன். காசம்மா அக்கா சாணி அள்ளிக்கினு இருந்துது. அவுங்க வூட்டுக்காரரு பால் ஊத்தப் போயிருக்காராம். மருமவப் பொண்ணு வாசல்ல நிக்குது. எறங்கு டாக்டரேன்னுது அக்கா." நிறுத்தினான். "ஊசி மாத்தி எடுத்துனு வந்துட்டேன், போய் எடுத்துனு வரேன்னு சொல்லிட்டேன்."

"அப்புறம் எங்க போன?"

"எங்கயும் போவல. வூட்டுக்கு வந்தேன். நம்ம தெருவுல எல்லாம் கெழங்கட்டைங்க, கேனைத் தூக்க ஆளில்ல. ஏரிக்கரையில கொஞ்ச நேரம் நின்னுக்கினு இருந்தேன். அப்புறம் இங்க வந்துட்டேன்."

"அஞ்சேகால் மணியில இருந்து வண்டி மேலயேவா இருக்கிற?"

"ஒண்ணுக்குப் போவணும்டி. முடியல." சொல்லிவிட்டுக் கழுத்தைத் திருப்பிக் கேனைப் பார்த்தான்.

கல்பனாவின் கை கயிற்றுக்குப் போய்விட்டது. முடிச்சின் தலையைப் பிடித்துவிட்டாள். நாலு மணி நேரம். மூத்திரத்தை அடக்கிக்கொண்டு, வெயிலில், பதினைந்து கிலோமீட்டர் சுற்றி வந்திருக்கிறான். பத்து வருஷம் மோர் வாங்கிக் குடித்த வீட்டில் ஒரு கயிற்றை அவிழ்க்கச் சொல்ல வாய் வரவில்லை. நாளைக்கும் வருவான். மண்ணாடிப்பட்டிலிருந்து வருவான், திருபுவனையிலிருந்து வருவான். எங்கிருந்தாலும் வந்து இந்த மரத்தடியில் நின்று கேனைப் பார்ப்பான். அவள் ஓடிவந்து அவிழ்ப்பாள். அதற்கு அந்த மிதி எதற்கு, இரண்டு நாள் அந்தத் தகரத்துக்கடியில் வெந்தது எதற்கு. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. உடம்பெல்லாம் அசந்து வந்தது. அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

கையைக் கயிற்றிலிருந்து எடுத்தாள்.

"குழந்தைவேல் அண்ணன் அங்க நிக்கிறாரு. அவர கேளு."

"நீதான் நிக்கிறியே."

"நான் வேலைக்கு வந்திருக்கேன் மாமா. நான் இங்க இல்லன்னு வெச்சிக்க."

"வெளயாடாதடி. வயிறு வெடிக்குது."

"தெரியுது. கேளு."

வாட்ச்மேன் கேட்டோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன். "இன்னா, எறக்கணுமா? நான் வேணும்னா புடிக்கிறேம்மா" என்று இரண்டடி வைத்தார். கல்பனா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அண்ணே, அவுரு கேட்டா செய்யுங்க. கேக்காம செய்யாதீங்க."

குழந்தைவேலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருந்தாலும் நின்றுவிட்டார். முத்துக்குமரன் அவளைப் பார்த்தான். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவன் அவளை அப்படிப் பார்த்ததில்லை. வெறுப்பு என்றால் வெறுப்புதான். அவள் அதை நேராக வாங்கிக்கொண்டாள்.

"பன்னண்டு மணி வரைக்கும் செவலை தாங்குவா" என்றாள். "இங்க கேட்டீன்னா அங்கயும் கேக்கலாம். ஊசி கெடச்சிடுச்சின்னு சொல்லு, ஒண்ணும் தப்பா நெனைக்கமாட்டாங்க."

உள்ளே மணி அடித்தது. அவள் திரும்பி நடந்தாள். கேட்டைத் தாண்டினாள். பின்னால் சத்தமே இல்லை. ஒரு லாரி போனது. அவிழ்த்துவிட்டே வந்திருக்கலாம், ஒரு நிமிஷ வேலை, நான் என்ன மனுஷி என்று நினைத்தாள். கால் திரும்பப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். பஞ்ச் மெஷின் வரைக்கும் வந்துவிட்டாள்.

"அண்ணே."

முதல் தடவை குழந்தைவேலுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது.

"அண்ணே, ஒங்களத்தான். எனக்கு எறங்க முடியாது. பின்னால இந்தக் கேனைக் கொஞ்சம் எறக்கி வெக்கிறீங்களா? நிமித்தியே புடிங்க, சாஞ்சிடக் கூடாது."

கல்பனா திரும்பவில்லை. கார்டைச் செருகப் போனாள். அது இரண்டு தடவை நழுவி, மூன்றாம் தடவைதான் உள்ளே போனது. போய் பெல்ட்டுக்கு முன்னால் நின்றாள். அடுத்த அரை மணி நேரம் அவள் கையைத் தாண்டிப் போன மூடிகளில் ஒன்றைக்கூட அவள் பார்க்கவில்லை.